ரூ.2,500-க்கு வாங்கிய கிண்ணம் ரூ.5 கோடிக்கு ஏலம்! சீனப் பீங்கானில் அசல் எது, நகல் எது?

வீட்டு வாசலில் போட்டு விற்ற பழைய சாமான்கள். அதில் ஒரு சின்னக் கிண்ணம். விலை 35 டாலர். நம் கணக்கில் சுமார் ரூ.2,500.

வாங்கியவர் பேரம்கூடப் பேசவில்லை. கேட்ட காசைக் கொடுத்தார். கிண்ணத்தோடு நடையைக் கட்டினார்.

அதே கிண்ணம் மறு வருஷம் ஏலத்துக்கு வந்தது. போன விலை எவ்வளவு தெரியுமா? 7 லட்சத்து 21 ஆயிரத்து 800 டாலர்! அன்றைய மதிப்பில் ரூ.5 கோடிக்கும் மேல்!

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம், நியூ ஹேவன் பகுதியில் 2020-ம் ஆண்டு நடந்த சம்பவம். வேண்டாத பொருள்களை வீட்டு வாசலில் பரப்பி விற்பது அங்கே வழக்கம். அப்படி ஒரு வாசலில்தான் இந்தக் கிண்ணம் கிடந்தது.

வாங்கியவருக்கு ஏதோ பொறி தட்டியது. படம் எடுத்து சோத்பிஸ் ஏல நிறுவனத்துக்கு அனுப்பினார். பார்த்த நிபுணர்கள் அசந்துவிட்டார்கள்.

600 வருஷத்துக் கிண்ணம்

குறுக்களவு 16 சென்டிமீட்டர்தான். தாமரை மொக்கு வடிவம். வெள்ளைப் பீங்கானில் நீலப் பூக்கள். சீனாவை ஆண்ட மிங் வம்சத்து யோங்லே சக்கரவர்த்தி காலத்தில், அரண்மனைக்காகச் செய்தது. அதாவது 15-ம் நூற்றாண்டின் தொடக்கம்.

இதே மாதிரிக் கிண்ணங்கள் உலகத்தில் மொத்தம் 7 மட்டுமே இருப்பதாகத் தெரிகிறது. தைபேயில் 2, லண்டனில் 2, தெஹ்ரானில் 1 என அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

2021 மார்ச் 17 அன்று நியூயார்க்கில் ஏலம். 3 லட்சம் முதல் 5 லட்சம் டாலர் வரை போகும் என்று கணக்குப் போட்டார்கள். அதையும் தாண்டிவிட்டது!

முத்திரையை நம்பினால் மோசம்!

அசலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

“ராஜா முத்திரை இருக்கு சார், பாருங்க!” பழஞ்சாமான் வியாபாரிகள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை இது. பாத்திரத்தின் அடியில் சக்கரவர்த்தியின் பெயரைச் சீன எழுத்தில் எழுதுவது உண்மைதான். ஆனால், முன்னோர்மீது மரியாதை வைத்து, பழைய ராஜா பெயரையே பின்னால் வந்தவர்களும் எழுதினார்கள். ஏமாற்ற எழுதியவர்களும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், யோங்லே காலத்து நீல வெள்ளைப் பாத்திரங்களில் பெரும்பாலும் முத்திரையே கிடையாது!

அதனால் நிபுணர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை. கோபால்ட் என்ற தாதுப்பொடியைக் கரைத்துப் பச்சைக் களிமண்மீது படம் வரைவார்கள். மேலே கண்ணாடிப் பூச்சு பூசி, சுமார் 1,300 டிகிரி சூட்டில் சுடுவார்கள். இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர் ஜிங்டெஜென். அந்தக் காலத்தில் கோபால்ட் மேற்காசியாவிலிருந்து வந்தது. அதில் இரும்பு அதிகம். அதனால் கோடுகளில் ஆங்காங்கே கருநீலத் திட்டுகள் தானாகவே விழும். பின்னால் வந்தவர்கள் அதே திட்டுகளைத் தூரிகையால் புள்ளி வைத்துக் காட்டினார்கள். பழகிய கண்ணுக்கு அது தெரிந்துவிடும்.

அடுத்தது தடவிப் பார்ப்பது. யோங்லே பாத்திரத்தின் பூச்சு பட்டு மாதிரி வழுவழுப்பாக இருக்கும். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து அடி வளையத்தைப் பார்ப்பார்கள். பூச்சு இல்லாத அந்த விளிம்பில் மண்ணின் நிறமும், வருஷக்கணக்கில் புழங்கிய தேய்மானமும் தெரியும். இதையும் போலியாகச் செய்கிறார்கள். தேயிலைத் தண்ணீரில் ஊறவைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது எல்லாம் நடக்கிறது.

அடியில் ஆங்கிலத்தில் ‘சைனா’ என்று இருக்கிறதா? பெரும்பாலும் 1891-க்குப் பிறகு வந்த சரக்கு. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்டதுதான் காரணம்.

ஒருவருக்கு வேலையே போயிற்று

நிபுணர்களுக்குள்ளேயே சண்டை வருவதும் உண்டு. 2022-ல் பிரான்சின் ஃபோன்டென்ப்ளோ நகரில் ஒரு நீல வெள்ளை ஜாடி ஏலத்துக்கு வந்தது. 20-ம் நூற்றாண்டு ஜாடி என்று சொல்லி, அதிகபட்சம் 2,000 யூரோ மதிப்புப் போட்டார் மதிப்பீட்டாளர். போட்டி போட்டுக் கேட்டதில் 77 லட்சம் யூரோவுக்கு ஏறிவிட்டது!

அவர் கடைசிவரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வேலைதான் போயிற்று.

வீட்டில் இருந்தால்...

பரணில் பழைய பீங்கான் கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். உடைந்ததைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். விரலால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கலாம். விரிசல் இருந்தால் விலை விழும். அடிப்பாகத்தைப் படம் எடுத்து, விவரம் தெரிந்த இரண்டு பேரிடமாவது காட்டுங்கள். வாங்க வந்தவரிடமே விலை கேட்காதீர்கள்.

இன்னொன்று: 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இந்தியாவில் 1972-ம் வருஷச் சட்டப்படி தடை இருக்கிறது.

பரணில் இருப்பதெல்லாம் கோடி ரூபாய்ச் சாமான் அல்ல. ஆனால் நியூ ஹேவனில் அந்தக் கிண்ணத்தை 35 டாலருக்கு விற்றவரும் அப்படித்தானே நினைத்திருப்பார்!