பழுதையே விலைக்கு விற்ற விளையாட்டுக் கெமரா

ஓட்டமாவடியில் சிறிய ஸ்டூடியோ ஒன்று வைத்திருக்கும் தம்பி ஒருவர் அண்மையில் ஒரு விடயம் சொன்னார். வேலையாக வாகரைக்குப் போன இடத்தில், பனிச்சங்கேணிப் பாலத்தில் நின்று வெளிநாட்டவர் ஒருவர் களப்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாராம். கையில் இருந்ததோ கறுப்புப் பிளாஸ்டிக் கெமரா. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போலப் பாரமே இல்லை. மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. "இதில் எடுத்த படத்துக்கும் வெளிநாட்டில் காசு கொடுக்கிறார்களாம் நானா, நானும் ஒன்று வாங்கிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார்.

அவர் கண்டது 'ஹொல்கா' வகைக் கெமராவாக இருக்க வேண்டும். 1982இல் ஹொங்கொங்கில் ரி.எம். லீ என்பவர் சீனாவின் சாதாரண மக்களுக்காகவே இதை வடிவமைத்தார். அக்காலத்தில் அங்கே 120 இலக்க அகலப் பிலிம் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே 35 மில்லிமீற்றர் பிலிம் சந்தையைப் பிடித்துக்கொள்ள, ஹொல்காவுக்கு ஊரில் கேள்வி இல்லாமல் போயிற்று. அதற்குக் கைகொடுத்தவர்கள் மேற்கு நாட்டுப் புகைப்படக் கலைஞர்களும் மாணவர்களும்தான்.

அவர்களை இழுத்தது எது? படத்தின் நான்கு மூலைகளும் இருண்டு போகும். நடுவில் ஓரளவு தெளிவும் ஓரத்தில் மங்கலும் இருக்கும். மூடியின் இடுக்கால் வெளிச்சம் கசிந்து பிலிமில் கோடு விழும். பொத்தானுக்கும் பிலிமைச் சுற்றும் குமிழுக்கும் தொடர்பு இல்லாததால், சுற்ற மறந்தால் ஒரே கட்டத்தில் இரண்டு படம் விழுந்துவிடும். ஆரம்ப கால ஹொல்காவில் 'வெயில்', 'மேகம்' என்று இரண்டு நிலை உள்ள ஆளி ஒன்று இருந்தது. அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் உள்ளே போகும் வெளிச்சம் ஒன்றுதான்! வேறொரு பொருளாக இருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்திருப்போம்.

இதற்கு முன்னோடி 1960களில் அதே ஹொங்கொங்கில் தயாரான 'டயானா'. மொத்தமாக வாங்கினால் ஒன்று சுமார் அரை டொலர். பரிசுப் பொருளாகக்கூடக் கொடுத்தார்கள். 1970களில் உற்பத்தி நின்றது. ஆனால் நான்சி ரெக்ஸ்ரோத் என்ற அமெரிக்கப் பெண்மணி டயானாவால் எடுத்த படங்களைத் தொகுத்து 1977இல் 'அயோவா' என்ற நூலை வெளியிட்டார். 2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் அல் கோரின் பிரசாரத்தை டேவிட் பர்னெட் ஹொல்காவால் எடுத்த படம் அடுத்த ஆண்டு பரிசு வென்றது. வியன்னாவில் 1992இல் தொடங்கிய லோமோகிராபி நிறுவனம் 2007இல் டயானாவை மீண்டும் தயாரித்து, பழைய விலையைப் போல் பல மடங்குக்கு விற்றது. ஹொல்கா 2015இல் நின்று, 2017இல் மறுபடியும் வந்தது.

சரி, நமது தம்பியின் கணக்குக்கு வருவோம். கெமராவின் விலை ஒருமுறைச் செலவு. கையைக் கடிப்பது பிலிம்தான். ஒரு ரோலில் 12 சதுரப் படங்கள். பிலிம், கழுவுதல், ஸ்கேன், தபால் எல்லாம் சேர்த்து உதாரணத்துக்கு 6,000 ரூபா என்று வைப்போம். ஒரு படம் 500 ரூபா என்று சொல்லத் தோன்றும். பழகும் காலத்தில் 12இல் மூன்று தேறினாலே பெரிய விடயம். அப்படியானால் ஒரு நல்ல படத்தின் அடக்கவிலை 2,000 ரூபா. அச்சிடும் செலவும் சட்டமும் அதற்கு மேலே.

கறுப்பு வெள்ளைப் பிலிமானால் வீட்டிலேயே கழுவலாம், செலவு குறையும். ஒரு தொட்டி, இருட்டுப் பை, இரண்டு மூன்று மருந்துகள் போதும். ஆனால் மருந்துக் கரைசல் 20 பாகை செல்சியசில் இருக்கவேண்டும் என்பது வழக்கமான அளவு. மட்டக்களப்புப் பக்கத்துத் தண்ணீர் அதைவிட எவ்வளவு சூடு என்பது நமக்குத் தெரியும். ஐஸ் கட்டியும் வெப்பமானியும் வைத்துக்கொள்ளாவிட்டால் முதல் ரோல் கருகிப் போகும்.

வாகரை வெயிலும் கவனிக்க வேண்டியது. நண்பகலில் களப்புத் தண்ணீர் கண்ணைப் பறிக்கும். அந்நேரத்துக்கு வேகம் 100 உள்ள பிலிம் போதும். விடியலில் தோணி கரை சேரும் நேரத்துக்கும் மாலைக்கும் 400 வேண்டும். கடற்கரை மணல் கெமராவுக்குள் புகுந்தால் பிலிம் நீளத்துக்குக் கீறிவிடும். பிலிமை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் விடவும் கூடாது. மீன்பிடிப்பவர்களைப் படம் எடுக்குமுன் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. சுனாமியும் யுத்தமும் கண்ட கரை அது. 2006, 2007 இடப்பெயர்வில் படங்களையும் இழந்து வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். எடுத்த படத்தில் ஒரு பிரதி கொடுத்தால் அதை அவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

தம்பிக்கு நான் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று: கல்யாண வீட்டுக்கு இந்தக் கெமராவை நம்பிப் போகவேண்டாம். ஹொல்காப் படத்தை வாங்குபவர் அதன் பழுதைத் தெரிந்து, விரும்பி வாங்குகிறார். பெண்ணின் தகப்பன் அதற்காகக் காசு தரவில்லை. நிக்காஹ் நேரத்துப் படத்தில் வெளிச்சம் கசிந்துவிட்டால் அந்த நேரத்தைத் திரும்ப எடுக்க முடியுமா? கேட்டு வாங்கும் பழுதுக்கு விலை உண்டு, கேட்காமல் கொடுத்தால் ஸ்டூடியோவின் பெயர் போய்விடும். வழமையான வேலைக்கு டிஜிட்டல் கெமரா இருக்கட்டும்.

மற்றப்படி மூன்று ரோல் வரை செலவழித்துப் பார்க்கட்டும், அதற்கு மேல் கடன்பட்டு வேண்டாம் என்றேன். தேறும் படங்களைச் சட்டமிட்டு, பாசிக்குடா விடுதி ஒன்றில் அனுமதி கேட்டு மாட்டிப் பார்க்கலாம். கெமரா இன்னும் வாங்கவில்லை. இப்போதைக்கு, மூடிக் கிடக்கும் பழைய ஸ்டூடியோ ஒன்றில் கழுவும் தொட்டி கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.