கம்பியில் கோத்த கடிதங்கள்

கடலூரைப் பற்றிய பழைய கடிதங்களைப் படிக்க விரும்புகிறவர் எங்கே போகவேண்டும் என்று கேட்டால், கடலூருக்கு என்று விடை சொல்ல முடியாமலிருப்பது வருந்தத்தக்க உண்மை. 1690ஆம் ஆண்டில் செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் விலைக்கு வாங்கிய, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டணத்துக் கோட்டை, புனித டேவிட் கோட்டை என்னும் பெயர் பூண்டு, 1746 முதல் 1752 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை ஸ்தானமாகவே விளங்கி, 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் கையில் வீழ்ந்து இடிபட்டது. கோட்டை போயிற்று, கோட்டைக்குள்ளிருந்து எழுதப்பட்ட கடிதங்கள் போகவில்லை. எழுதும் கடிதத்துக்கெல்லாம் பிரதி எடுத்துவைப்பதும், லண்டனுக்குப் போகவேண்டிய காகிதங்களை ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றொன்றில் போய்ச் சேரும்படி வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவதும் கம்பெனி குமாஸ்தாக்களின் நித்திய காரியமாக இருந்தபடியால், அவை சென்னை எழும்பூரில் 1909இல் எழுந்த செங்கல் மாளிகையாகிய ஆவணக் காப்பகத்திலும், கடல் கடந்து லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது மாறுவேஷம் பூண்டு இந்தக் கோட்டைக்குத் தப்பி வந்த இளைஞர் ராபர்ட் கிளைவின் குடும்பத்துக் காகிதங்களைப் பார்க்க வேண்டுமென்றால், வேல்ஸ் தேசத்து நூலகம் வரையில் பிரயாணம் செய்யவேண்டும்.

அந்தக் கோட்டை மதிலுக்கு அப்பால், மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளிலும் வாழ்ந்த நம்மவர்கள் எழுதிய கடிதங்களுக்குப் பிரதி எடுக்கக் குமாஸ்தா யாரும் இல்லை. அவற்றைக் காப்பாற்றியது ஒரு கம்பி. மரக்கட்டையில் செங்குத்தாக நட்ட கம்பியிலோ, நுனி வளைத்து ஆணியில் தொங்கவிட்ட கம்பியிலோ, வந்த கடிதத்தைப் படித்த கையோடு குத்திவைப்பது நம் வீடுகளின் வழக்கம். நூலகத்தில் ஒரு பழைய கடிதத்தை விரித்தால், உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழ்ச் சிவமயம் என்றோ ஸ்ரீராமஜயம் என்றோ ஒரு வரி. இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு அடிக்கடி எழுதவும் என்னும் மாறாத ஆரம்பம். எழுத்துக்களின் நடுவே, சுற்றிலும் துருவேறிப் பழுத்த ஒரு சிறு துளை. அந்தத் துளையை ஒரு சேதம் என்று மட்டும் கருதுவது சரியன்று என்பது என் அபிப்பிராயம். இந்தக் கடிதம் படிக்கப்பட்டது, படித்தபின் வேண்டுமென்று வைக்கப்பட்டது என்பதற்குப் பெற்றுக்கொண்டவர் இட்ட கைச்சாத்து அது. கடிதத்தை எழுதுகிறவர் எழுதிவிட்டுப் போய்விடுகிறார். அதைச் சரித்திரமாக்குகிறவர் அதை வாங்கிவைத்துக்கொண்டவரே.

எதை வைத்துக்கொள்வது என்பதிலும் குடும்பங்களுக்கு ஒரு நியதி இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வந்த கல்யாணக் கடிதம் கம்பிக்குப் போகும், பெட்டிக்குப் போகும். துக்கச் செய்தி தாங்கி வந்த கருமாதிப் பத்திரிகையோ படித்தவுடனே கிழிக்கப்பட்டுவிடும், வாசற்படி தாண்டி உள்ளே வராது. ஆகையால் குடும்பக் காகிதங்களைக் கொண்டு ஒரு வமிசத்தின் கதையை எழுதப் புகுகிறவர், பிறந்த நாளையும் மணம் நடந்த நாளையும் எளிதில் கண்டுகொண்டு, மறைந்த நாளைக் காணாமல் திகைப்பது சகஜம்.

இந்தக் கடலூர் ஜில்லாவில் எழுதப்பட்ட கடிதங்களுள் தலைமை பெற்றவை எவை என்றால், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் அவதரித்த இராமலிங்க அடிகள் கருங்குழியிலிருந்தும் வடலூரிலிருந்தும் எழுதியவை என்று தயக்கமின்றிச் சொல்லுவேன். சென்னையை விட்டு வந்து கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கியிருந்த காலத்தில், சென்னையிலிருந்த இறுக்கம் இரத்தின முதலியாருக்கும் புதுவை வேலு முதலியாருக்கும் பிற அன்பர்களுக்கும் அவர் எழுதிய திருமுகங்கள் இன்று அச்சில் கிடைக்கின்றன. பாடல்களில் நாம் காணும் அருளாளர் இந்தக் கடிதங்களில் ஒரு குடும்பத்துப் பெரியவராக வந்து நிற்கிறார். தேகத்தை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லுகிறார். அன்பர்கள் வீட்டுக் கவலைகளை விசாரிக்கிறார். கையெழுத்திடும்போது சிதம்பரம் இராமலிங்கம் என்று இடுகிறார்.

பாடல்களை அச்சிட உத்தரவு தரவேண்டும் என்று அன்பர்கள் நெடுநாள் வேண்டியும் அடிகள் இசையாமலிருந்ததும், உத்தரவு கிடைக்கும் வரையில் நாளொன்றுக்கு ஒருவேளைதான் உண்பதென்று இரத்தின முதலியார் விரதம் பூண்டதும், அன்பர் ஒருவர் பட்டினி கிடப்பதைப் பொறாமல் 1860ஆம் ஆண்டின் இறுதியில் அடிகள் மனம் இளகியதும் ஆகிய இவ்வளவும் நமக்குத் தெரியவருவது இந்தக் கடிதங்களாலேயாகும். தம்மை இராமலிங்கசாமி என்று வழங்குவது தமக்குச் சம்மதம் அன்று, அது ஆரவாரத்துக்கு இடமான பெயர் என்று அவர் மறுத்து எழுதியதும் ஒரு கடிதத்தில்தான். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவை வெளியிட்டபோது முகப்பில் திருவருட்பிரகாச வள்ளலார் என்னும் பெயர் ஏறிய வரலாற்றுக்குப் பின்னே அந்த மறுப்பு இருக்கிறது. இரத்தின முதலியார் அந்தத் தபாலைப் படித்துவிட்டு எங்கேயோ வைத்து மறந்திருந்தால், பெருமையை விரும்பாத ஓர் உள்ளத்தின் நேரடிச் சாட்சியம் நமக்கு இல்லாமற் போயிருக்கும். பின்னாளில் ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரையில் அரும்பாடுபட்டுத் திருவருட்பாவைப் பன்னிரண்டு புத்தகங்களாகப் பதிப்பித்தபோது, பாடல்களோடு கடிதங்களுக்கும் ஓர் இடம் தந்தார். அந்தத் தீர்மானத்துக்காக மட்டுமே அவரைத் தமிழர்கள் நன்றியோடு நினைக்கலாம்.

இத்தகைய கடிதம் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் எழும் முதற்கேள்வி, எந்த வருஷத்தது என்பது. ரௌத்திரி வருஷம் மார்கழி மாதம் என்று மட்டும் எழுதியிருந்தால், அது 1860ஆகவும் இருக்கலாம், 1920ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷச் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கிறது. அப்போது உதவுவது கடிதத்தின் வாசகம் அன்று, குடும்பத்தார் வேண்டாமென்று குப்பையில் போடும் உறைதான். இந்தியா முழுமைக்குமான தபால் தலை 1854இல் வந்தது. கார்டு 1879இல் வந்தது. ஆகவே கார்டில் எழுதிய ரௌத்திரி வருஷத்துச் செய்தி 1860ஐச் சேர்ந்ததாக இருக்க வழியில்லை. தபால் முத்திரையின் பாதி வட்டம் தெரிந்தால்கூடப் போதும், கைதேர்ந்த நூலகர் ஊரையும் நாளையும் கண்டுபிடித்துவிடுவார்.

காகிதத்துக்குச் சத்துருக்கள் அநேகம். கறையானும் இராமபாணப் பூச்சியும் எல்லா ஊர்களுக்கும் பொது. கடலூருக்கோ கடலும் காற்றும் அதிகப்படி. 2004இல் சுனாமியும், 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2015இல் பெருவெள்ளமும் வந்துபோன கரையோரத்தில், பரண்மேல் இருந்த தகரப்பெட்டிகளுக்கு என்ன கதி நேர்ந்திருக்கும் என்பதை நினைக்கவே மனம் கூசுகிறது. தில்லையில் பூட்டிக்கிடந்த அறையில் தேவார ஏடுகளைச் செல்லரித்திருந்த செய்தி தமிழர் எல்லோரும் அறிந்தது. அந்தக் கதையில் நாம் கவனிக்கத் தவறும் அம்சம் ஒன்று உண்டு. பாடிய மூவரும் நேரில் வந்தாலொழிய அறையைத் திறப்பதில்லை என்று காவலர்கள் நின்றதும், மூவருடைய திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து அரசன் அதைத் திறப்பித்ததும் அக்கதையில் வருகின்றன. காப்பாற்றுகிறோம் என்ற எண்ணத்தாலேயே திறக்காமல் வைத்திருந்தார்கள். உள்ளே கறையான் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தாத்தாவின் பெட்டியை வெளியார் தொடக்கூடாது என்று பூட்டிவைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களுடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் பக்தி பூச்சியைத் தடுப்பதில்லை.

திறந்து காட்டியதால் விளைந்த நன்மைக்கும் சான்று உண்டு. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரையில் எழுதிய தினசரிக் குறிப்புக்களை அவருடைய சந்ததியார் வீட்டில் வைத்திருந்தார்கள். 1846இல் கலுவா-மொம்பிரேன் என்ற பிரெஞ்சு உத்தியோகஸ்தர் கண்டு பிரதி எடுக்கச் செய்ததனால் அன்றோ தேவனாம்பட்டணத்துச் சண்டைகளை ஒரு தமிழருடைய கண்ணால் நாம் பார்க்க முடிகிறது? 1924 முதல் 1927 வரையில் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்த உ.வே. சாமிநாதையரோ ஏடுகளைத் தேடியது போலவே தமக்கு வந்த கடிதங்களையும் சேர்த்துவைத்தார். ஆயிரக்கணக்கான அக்கடிதங்கள் அவர் பெயரால் 1943இல் தோன்றிய நூல்நிலையத்தில் இருக்கின்றன. அவற்றுள் 1877 முதல் 1900 வரையிலானவற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்திருக்கிறார்.

வீட்டில் பழங்காகிதம் வைத்திருப்போர் அதைக் கொடுக்க இன்று இடங்கள் உண்டு. கடலூர் ஜில்லாக்காரர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது; சென்னையில் ரோஜா முத்தையா நூலகமும் எழும்பூர்க் காப்பகமும், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. கொண்டு போகும்போது கிழிசலுக்குப் பசைநாடா ஒட்டவேண்டாம். அது நாளடைவில் பழுத்து எழுத்தையும் கறைப்படுத்திவிடும். மடிப்பைச் சமன் செய்ய இஸ்திரிப் பெட்டி வைக்கவேண்டாம். தேதிவாரியாக அடுக்குவதாக எண்ணிக் கம்பியிலிருந்து உருவிக் கலைத்துவிடவும் வேண்டாம்; கோத்த வரிசையே எது முன், எது பின் என்று சொல்லும். உறைகளையும், கணக்குச் சீட்டுகளையும், பாட்டியம்மாள் பென்சிலால் எழுதிய மளிகை ஜாபிதாவையும் ஒதுக்காமல் சேர்த்தே கொடுக்கவேண்டும். எழுதியவர் யார், அவருக்கு நீங்கள் என்ன உறவு என்பதை உயிரோடிருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, வேறொரு தாளில் எழுதி உடன்வைத்தால் நூலகருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.