10 கட்டம் போதும்: விளையாட்டிலேயே கணக்கு வருது!

“எம் பையன் நூறு வரைக்கும் கடகடன்னு ஒப்பிப்பான். ஆனா, ஏழு பெரிசா அஞ்சு பெரிசான்னு கேட்டா திருதிருன்னு முழிக்கிறான்!”

பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. பிரம்பு எடுக்க வேண்டாம், டியூஷனும் வேண்டாம். ஒரு விளையாட்டே போதும் என்று காட்டினார்கள் இருவர். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த கீதா ராமானி, ராபர்ட் சீக்லர் ஆகியோர்தான் அவர்கள்.

அவர்களது ஆய்வு 2008-ல் வெளிவந்தது. ஆடியவர்கள் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் 124 பேர். எல்லோரும் பள்ளிக்கூடம் போகும் வயது வராத சிறுசுகள்!

கரடியா, முயலா?

நேர் வரிசையில் 10 கட்டம். அதில் 1 முதல் 10 வரை எண்கள். காய் ஒரு கரடி அல்லது முயல். முள்ளைச் சுழற்றினால் 1 அல்லது 2 விழும். காயை நகர்த்தும்போது கட்டத்தில் உள்ள எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தடுமாறினால் கூட இருக்கும் பெரியவர் எடுத்துக் கொடுப்பார்.

தடவைக்கு 15, 20 நிமிடம். 2 வாரத்தில் நாலே தடவை!

பிள்ளைகள் எண்களை அடையாளம் கண்டார்கள். எது பெரிசு என்று சொன்னார்கள். 9 வாரம் கழித்துச் சோதித்தபோதும் மறக்கவில்லை.

இன்னொரு கூட்டத்துக்கு எண் இல்லாமல் வண்ணக் கட்டம் கொடுத்தார்கள். அவர்களிடம் இந்த முன்னேற்றம் இல்லை.

காரணம் என்ன? 4-ஐ விட 8-க்குப் போக இரண்டு மடங்கு தூரம், இரண்டு மடங்கு நேரம். ‘பெரிசு’ என்பது கையிலும் கண்ணிலும் பதிகிறது.

இங்கேதான் சூட்சுமம்!

காய் 5-ல் நிற்கிறது. 2 விழுகிறது. “ஒண்ணு, ரெண்டு” என்று தள்ளுவதுதான் பலரது வழக்கம். “ஆறு, ஏழு” என்று சொல்லித் தள்ளிய பிள்ளைகளே அதிகம் கற்றார்கள். 100 கட்டம் வைத்து நடந்த இன்னொரு ஆய்வு, 2014-ல் இதைச் சொன்னது.

செலவு ஒன்றுமில்லை. பழைய காலண்டர் அட்டையில் 10 கட்டம் போடுங்கள். காய்க்குப் புளியங்கொட்டை. காசைச் சுண்டினால் பூவுக்கு 1, தலைக்கு 2.

ஆனால் ஒன்று. பிள்ளையை ஆட விட்டுவிட்டு அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டால், அது வெறும் ஆட்டம். பக்கத்தில் உட்கார்ந்து “இப்ப எந்த எண்ணுல நிக்கிறே கண்ணு?” என்று கேட்டால்தான் கணக்கு!