பேருந்து எங்கே நிற்க வேண்டும்?

ஊர் ஓரிடம், காலனி ஓரிடம். குறிஞ்சிப்பாடி, சிதம்பரம் வட்டாரத்தில் பல கிராமங்கள் இப்படித்தான் இருக்கின்றன. நிறுத்தம் ஊர்ப் பக்கம் மட்டும் இருந்தால், காலனிப் பிள்ளைகள் புத்தகப் பையோடு அதுவரை நடக்க வேண்டும். இரவு வேலை முடிந்து இறங்கும் பெண்கள் இருட்டில் திரும்ப வேண்டும். ஊருக்குள் சச்சரவு வந்தால் அந்த வழியில் போகவே பயம்.

2021 முதல் அரசின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. ஆனால் வண்டி நின்றால்தானே ஏற முடியும்?

இது இன்று தொடங்கிய வழக்கல்ல. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் தனியார் பேருந்துகள் சில, ஆதிதிராவிடர்களை ஏற்றவே மறுத்தன. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்திரபாண்டியன், அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்றார். ஏறும் உரிமை அப்படிக் கிடைத்தது. ஏறும் இடத்துக்கான கேள்வி மிச்சம் இருக்கிறது. 2021இல் வந்த மாரி செல்வராஜின் 'கர்ணன்' படமும் நிறுத்தம் இல்லாத ஒரு கிராமத்தின் கதைதான்.

அடுத்தடுத்து நிறுத்தம் வைத்தால் நேரம் போகும் என்று ஓட்டுநர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அப்படியானால் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் வைக்கலாமே! எப்போதும் ஒரு தரப்பு மட்டும் ஏன் நடக்க வேண்டும்?

வண்டிகள் நிற்கும் இடங்களை உள்ளாட்சி அமைப்பைக் கலந்து தீர்மானிக்க, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு வழி சொல்கிறது. பட்டியல் சாதியினர் பொது வாகனத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

படித்த பிள்ளைகள் இதைச் செய்யலாம். காலனியிலிருந்து தினமும் எத்தனை மாணவர்கள், எத்தனை தொழிலாளர்கள், எந்த நேரத்தில் போகிறார்கள் என்று கணக்கெடுங்கள். நிறுத்தத்துக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். வளைவும் பாலமும் இல்லாத, தெருவிளக்கு உள்ள இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள். கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். அதன் நகலோடு ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் போக்குவரத்துக் கழகத்திலும் மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள்.

நாடு முழுவதும் நிலவிய தீண்டாமையை விசாரித்து 1969இல் அறிக்கை தந்த குழுவின் தலைவர், நம் காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள். அவர் கொடுமைகளை எழுத்தில் பதிந்தார். நம் தெருக் குறையையாவது நாம் எழுத்தில் பதிய வேண்டாமா?