சக்கரகமும் கணினியும்

தருக்க நூலார் வாதத்தின்கண் நேரும் குற்றங்களுள் மூன்றினை ஒருங்கு வைத்து எண்ணுவர். ஒன்று தன்னையே பற்றி நிற்றல் ஆன்மாசிரயம். இரண்டு ஒன்றையொன்று பற்றி நிற்றல் அன்னியோன்னியாசிரயம். மூன்று முதலாயின தொடர்ந்து பற்றி முதலாவதற்கே மீளுதல் சக்கரகம். இம்மூன்றும் கணினி நிரல்களினுள்ளும் அவ்வண்ணமே காணப்படுதல் வியப்பன்றோ?

நினைவகத்திலுள்ள ஒரு தரவு, அடுத்தது இருக்கும் இடத்தைச் சுட்டி நிற்கும். மாங்கேணியில் வழி வினவுவான் ஒருவனைக் காயான்கேணிக்கும், அங்குள்ளார் பனிச்சங்கேணிக்கும், அவர் மீண்டும் மாங்கேணிக்கும் அனுப்புவாராயின் அவன் நடை என்று முடியும்? மனிதன் முன் கண்ட ஊரை அடையாளங் கண்டு நின்றுவிடுவான். கணினியோ பணித்தவாறே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆதலின், கண்ட இடங்களைக் குறித்துக்கொண்டே செல்லுமாறு நிரலை அமைத்தல் வேண்டும். ஈண்டு மாணவர் பெரிதும் இடறுவர். ஓரிடத்தை இருமுறை கண்ட மாத்திரையே சுழற்சி உண்டெனத் துணிதல் தவறு. மாங்கேணியினின்று இரு பாதைகள் பிரிந்து ஓரூரிற் சென்று கூடின் அது வட்டமாகாது. இரு வழியும் முன்னோக்கியனவே. நடந்துகொண்டிருக்கும் வழியிலுள்ள இடங்களை வேறாகவும், முற்ற ஆராய்ந்து திரும்பிய இடங்களை வேறாகவும் குறித்தல் வேண்டும். முன்னவற்றுள் ஒன்றை மீளவும் எய்தினாலன்றிச் சுழற்சி இன்று.

கிளையில்லாத ஒற்றைத் தொடர்க்குக் குறிப்பேடே வேண்டா. இருவரை ஒருங்கு விடுத்து, ஒருவன் ஓரடியும் மற்றவன் ஈரடியுமாக நடக்கச் செய்க. தொடர் முடிவுடையதாயின் விரைவோன் இறுதியை அடைவான். வட்டமாயின் இருவரும் அதனுட் புகுந்தபின், விரைவோன் பிந்தி நிற்கும் தொலைவு ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்று குறையும். ஆகவே தாண்டிப் போதற்கு இடமின்றி இருவரும் கூடியே தீர்வர். டொனால்ட் கனூத் 1969இல் வெளியிட்ட நூலில் இம்முறையை இராபர்ட் ஃபுளொயிட்டுக்கு உரியதாக்கினார்.

வட்டமெல்லாம் குற்றமல்ல, வேண்டுமென்றே அமைப்பனவும் உள. தருக்க நூலார் இதனை ஒப்பார். ஆயினும் அன்னியோன்னியாசிரயம் நிரலாளரையும் விட்டபாடில்லை. ஒரு தரவைச் சுட்டுவன எத்தனை என எண்ணி, எண் சுழியானவுடன் அவ்விடத்தை விடுவிக்கும் முறையை 1960இல் ஜோர்ஜ் கொலின்ஸ் வெளியிட்டார். ஒன்றையொன்று சுட்டும் இரண்டினைப் பிறர் யாவரும் கைவிட்டபோதும் அவற்றின் எண் சுழியாகாது. இடம் வீணே அடைபட்டுக் கிடக்கும். இக்குறையை 1963இல் மெக்பெத் எடுத்துக்காட்டினார். எண்ணும் முறையையே கைக்கொண்ட பைத்தன் மொழி, இத்தகைய வட்டங்களைத் தேடி நீக்கும் தனிக் கருவியை 2000ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் பெற்றது.