பிரக்ஞானந்தாவின் ஆட்டம்: வரவும் பாக்கியும்

சதுரங்கம் நம் நாட்டில் பிறந்த ஆட்டம் என்று சொல்லிக்கொள்வதில் நம் எல்லோருக்கும் ஒரு பெருமை உண்டு. மன்னார்குடிப் பக்கம் திருப்பூவனூரில் சுவாமிக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து அவளை மணந்தார் என்று அந்த ஊர்த் தலபுராணம். 2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இந்தக் கோவில் பெயர் நாடு முழுக்க அடிபட்டது.

பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். கார்வேட்டிநகரம், புத்தூர், நகரி, சித்தூர் என்று இந்தப் பக்கம் இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களில் இப்போது கேட்கிற கேள்வி வேறு. "பையன் எந்நேரமும் செல்போன்ல செஸ் ஆடிக்கிட்டே இருக்கான். மத்த விளையாட்டுக்கு இது தேவலைன்னு விட்டுடலாமா, இல்ல பிடுங்கி வைக்கணுமா?" இதை என்னிடமே நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். நான் மண்டி வியாபாரி. செஸ் மாஸ்டர் இல்லை. ஆனாலும் புத்தகங்களைப் படித்தும், பழைய ஆட்டங்களைப் பலகையில் வைத்துப் பார்த்தும் முப்பது வருஷமாக இந்த ஆட்டத்தின் மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன். பொதுவாகப் பதில் சொல்வதைவிட, ஆன்லைனில் ஆடியே உலகத்துக்குத் தெரியவந்த நம் சென்னைப் பிள்ளை ஒருத்தரின் ஆட்டத்தை எடைபோட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும் என்று தோன்றியது.

அதற்கு முன் ஒரு சிறு செய்தி. எதிராளியின் முகம் பார்க்காமல் தூரத்திலிருந்து ஆடுவது செல்போன் வந்தபிறகு வந்த பழக்கம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 1829ல் சென்னையில் அச்சான ஒரு ஆங்கிலச் செஸ் நூலில் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே நடந்த இரண்டு ஆட்டங்கள் பதிவாகியிருக்கின்றன. குலாம் காசிம் என்பவரும் ஜேம்ஸ் காக்ரேன் என்ற வெள்ளைக்காரரும் சேர்ந்து எழுதிய நூல் அது. ஒரு நகர்த்தலை எழுதி அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்றைக்கு அதே வேலை ஒரு நொடியில் முடிகிறது. தூரம் அன்றைக்கும் இருந்தது. இப்போது போய்விட்டது யோசிக்கிற அவகாசம்தான்.

ரமேஷ்பாபு பிரக்ஞானந்தா 2005 ஆகஸ்ட் 10ஆம் தேதி பிறந்தவர். டிவி முன்னால் உட்கார்ந்தே இருக்கிறாளே என்று அக்கா வைஷாலியைப் பெற்றோர் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அவளைப் பார்த்துத் தம்பியும் காய் பிடித்தான். டிவியிலிருந்து பிள்ளையை விடுவிக்க வந்த செஸ், இன்றைக்குச் செல்போன் வழியாக இன்னொரு டிவி ஆகிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. 2018 ஜூனில், 12 வயது 10 மாதம் 13 நாளில், பிரக்ஞானந்தா கிராண்ட்மாஸ்டர் ஆனார். குரு ஆர்.பி. ரமேஷ் தாமும் கிராண்ட்மாஸ்டர். இந்தியன் ஆயிலில் இருந்த வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிப்பள்ளி நடத்தப் போனவர். காயைத் தொடாமல், மனசுக்குள்ளேயே பத்து நகர்த்தல் தள்ளிப் பார்க்க வைப்பது அவருடைய பாடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா காலத்தில் மண்டபப் போட்டிகள் எல்லாம் நின்றன. பெரிய ஆட்டக்காரர்களும் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆட வேண்டியதாயிற்று. 2020 ஆகஸ்டில் ஆன்லைன் ஒலிம்பியாட் நடந்தது. நம் ஆந்திரத்துக் கோனேரு ஹம்பியும் ஹரிகிருஷ்ணாவும் இருந்த இந்திய அணியில் பிரக்ஞானந்தாவும் ஒருவர். இறுதிப்போட்டியில் இண்டர்நெட் அறுந்துபோய் இரண்டு இந்தியர்கள் நேரம் தீர்ந்து தோற்றதாகக் கணக்காகி, முறையீட்டுக்குப் பிறகு இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் சேர்த்தே தங்கம் கொடுத்தார்கள். கரண்ட் போனால் ஆட்டமும் போகும் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிறகு 2022 பிப்ரவரி. ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்ற ஆன்லைன் போட்டி. பதினாறு பேர் மோதினார்கள். ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 நொடி கூடுதல். நேரக்கணக்கு ஐரோப்பாவுக்கு வசதியானது என்பதால் நம் பையன் ராத்திரி முழுக்க விழித்து ஆட வேண்டும். எட்டாவது சுற்றில், கறுப்புக் காய் வைத்துக்கொண்டு, அப்போது உலக சாம்பியனாக இருந்த மாக்னஸ் கார்ல்சனை 39 நகர்த்தலில் தோற்கடித்தார். ஆனந்த், ஹரிகிருஷ்ணா இருவருக்கும் பிறகு கார்ல்சனை வென்ற மூன்றாவது இந்தியர் என்று மறுநாள் பத்திரிகைகள் கொண்டாடின. வயது 16.

கொண்டாட்டத்தில் மறைந்துபோன கணக்கு ஒன்று உண்டு. அந்த ஆட்டத்துக்கு முன் ஏழு சுற்றில் அவருக்கு ஒரே ஒரு வெற்றி (ஆரோனியனிடம்), இரண்டு டிரா, நாலு தோல்வி. கடைசியில் முதல் எட்டுப் பேருக்குள் வர முடியாமல் போட்டியை விட்டே வெளியேறினார். வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாமல் விட்டால் அது கணக்கே இல்லை. ஆனால் என் வரையில் அந்தப் பற்றுப் பக்கம்தான் வரவைவிடப் பெரிசு. நாலு ஆட்டம் தோற்ற பிறகும் எதிரில் சாம்பியன் வரும்போது கை நடுங்காமல் உட்காருவது லேசான காரியமா?

அவர் ஆட்டத்தின் முதல் பலம் இதுதான். தனக்குப் பாதகமான நிலையிலும் குறுக்குவழி தேட மாட்டார். நம்ம பசங்க ஒரு குதிரை போனால் போதும், உடனே "ரிசைன்" பட்டனைத் தட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். இவர் அப்படி இல்லை. நஷ்டத்தில் ஓடுகிற கடையை அவசரப்பட்டு மூடாமல், செலவைக் குறைத்து, வாடிக்கையைக் காப்பாற்றி, எதிர்க்கடைக்காரன் எப்போது தப்புச் சரக்கு வாங்குவான் என்று பார்த்திருப்பவர் மாதிரி ஆடுவார். அதே வருஷம் மே மாதம் செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் போட்டியில் கார்ல்சனோடு மறுபடி மோதினார். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டம். நாற்பதாவது நகர்த்தலில் கார்ல்சன் குதிரையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். பையன் அதை விடவில்லை. இது அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு. அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டும்போது தூங்காமல் இருந்தாரே, அது யார் கெட்டிக்காரத்தனம்?

அந்தப் போட்டியிலேயே அரையிறுதியில் அனிஷ் கிரியை வென்றபோது நம் ஊரில் ராத்திரி இரண்டு மணி. காலையில் பதினோராம் வகுப்புப் பரீட்சை. இறுதியில் சீனத்து டிங் லிரெனிடம் டை-பிரேக்கில் தோற்றார். ஆகஸ்டில் மியாமியில் கார்ல்சனோடு கடைசிச் சுற்று. முதல் இரண்டு டிரா, மூன்றாவதில் தோல்வி. அதற்குப் பிறகு தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தார். அதில் கடைசி இரண்டும் பிளிட்ஸ் எனப்படும் அதிவேக ஆட்டங்கள்.

இரண்டாவது பலம், காய்கள் குறைந்துபோன இறுதிக்கட்டம். ராணிகள் போய், இரண்டு யானையும் நாலு சிப்பாயும் மிச்சமிருக்கும்போது பார்க்கிறவனுக்கு அலுப்புத் தட்டும். ஆனந்தின் சின்ன வயது ஆட்டம் மின்னல் மாதிரி இருக்கும். பிரக்ஞானந்தாவின் ஆட்டத்தில் மின்னல் குறைவு, ஊற்று ஜாஸ்தி. ஒரு சிப்பாயை அரைக் கட்டம் அரைக் கட்டமாக மேலேற்றுகிற மாதிரி பொறுமையாகப் போவார். குரு சொல்லிக்கொடுத்த மனக்கணக்கு பயன்படுகிற இடம் இது. திரையில் பளிச்சென்று அம்பு போட்டு வழி காட்டுகிற மிஷின் அங்கே உதவிக்கு வராது.

இனி பாக்கிக் கணக்கு. முதலாவது கடிகாரம். நன்றாக யோசிக்கிறவனுக்கு யோசித்துக்கொண்டே இருக்கத் தோன்றும். 2023 ஆகஸ்டில் பாகூவில் நடந்த உலகக் கோப்பையில் நாகமுரா, அர்ஜுன் எரிகைசி, கருவானா மூவரையும் டை-பிரேக்கில் தாண்டி இறுதிக்குப் போனார். கார்ல்சனோடு இரண்டு நீண்ட ஆட்டங்களும் டிரா. வேக ஆட்டத்தின் முதல் பாதியில் நிலைமை மோசமில்லை. ஆனால் நேரம் கரைந்துபோய், நொடிகளை வைத்துக்கொண்டு திணறித் தோற்றார். இரண்டாவது ஆட்டம் டிரா, கோப்பை கார்ல்சனுக்கு. தராசில் நிறுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, கடை சாத்துகிற நேரமும் தெரிய வேண்டும்.

இன்னொரு பாக்கி, பத்திரம் பார்க்கிற குணம். முதலைக் காப்பாற்றுகிறவன் சில சமயம் லாபத்தை விட்டுவிடுவான். 2024 ஏப்ரலில் டொரண்டோவில் உலக சாம்பியனை எதிர்க்கத் தகுதி பெறுகிற கேண்டிடேட்ஸ் போட்டி. 14 ஆட்டத்தில் 7 புள்ளி, ஐந்தாம் இடம். இரண்டாவது சுற்றிலேயே அவரைத் தோற்கடித்த குகேஷ் 9 புள்ளியோடு முதலாவதாக வந்தார், அந்த டிசம்பரிலேயே சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக சாம்பியனும் ஆனார்.

குகேஷைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. சென்னையில் பிறந்து வளர்ந்த தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை. பூர்வீகம் நம்ம பக்கத்துச் சத்தியவேடு மண்டலம் என்று தெலுங்குப் பத்திரிகைகள் எழுதின. அவர் ஜெயித்த அன்றைக்கு இரண்டு மாநிலமும் எங்கள் பிள்ளை, உங்கள் பிள்ளை என்று இழுத்ததைப் பார்த்தோம். ஆந்திரத்தில் வாழும் தமிழர்களான நமக்கு அந்த இழுபறியில் ஒரு தனி சுவாரஸ்யம் இருந்தது. அது கிடக்கட்டும். இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. குகேஷுக்கு அவருடைய குரு விஷ்ணு பிரசன்னா வெகுகாலம் கம்ப்யூட்டரே காட்டாமல் பயிற்சி கொடுத்தார். அதனால் நீண்ட ஆட்டத்தில் ஆழமாகப் போவார். அதிவேக ஆட்டத்தில் அவர் கை அவ்வளவு ஓடாது. 2025 ஜூலையில் சாக்ரெப் போட்டியில் 'ராபிட்' பகுதியில் முதலிடம் பிடித்தவர், பிளிட்ஸ் பகுதி முடிந்தபோது மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். பிரக்ஞானந்தா அந்த வேகத்தை ராத்திரி ராத்திரியாக விழித்துச் சம்பாதித்து வைத்திருந்தார்.

அந்தச் சம்பாத்தியம் 2025ல் கைக்கு வந்தது. பிப்ரவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ போட்டி, மே மாதம் ருமேனியா, ஜூனில் உஸ்பெகிஸ்தான் என்று மூன்று பெரிய பட்டங்கள். மூன்றிலும் மற்றவர்களோடு சமமாக நின்று, டை-பிரேக்கில் ஜெயித்து வாங்கினார். வைக் ஆன் ஸீயில் கடைசிச் சுற்றில் கெய்மரிடம் தோற்றார். அதே நாள் குகேஷும் எரிகைசியிடம் தோற்றதால் இருவரும் சமம். பிளிட்ஸில் முதல் ஆட்டத்தைக் குகேஷுக்குக் கொடுத்து, இரண்டாவதை எடுத்து, மூன்றாவதில் முடித்தார். ஜூலைப் பட்டியலில் உலகில் நான்காம் இடத்துக்கு வந்துவிட்டார். முன்னைவிடத் துணிச்சல் கூடியிருந்தது அந்த வருஷத்து ஆட்டங்களில் தெரிகிறது. ஆனாலும் பட்டத்தை முன்கூட்டியே உறுதி செய்யாமல் டை-பிரேக்வரை இழுத்துக்கொண்டு போவதும் தெரிகிறது. அந்த பாக்கி இன்னும் முழுசாகத் தீரவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

ஆக, நம் வீட்டுப் பிள்ளைகள் விஷயம். ஆன்லைனில் ஆடியதால் பிரக்ஞானந்தா பெரிய ஆட்டக்காரர் ஆனார் என்று எடுத்துக்கொண்டால் தப்பு. பலகையில் கிராண்ட்மாஸ்டர் ஆகி மூன்றரை வருஷம் கழித்துத்தான் அந்த பிப்ரவரி ராத்திரி வந்தது. அச்சாரம் எப்போதோ போட்டாயிற்று. ஆன்லைன் வெறும் சந்தை. சரக்கு இல்லாமல் சந்தைக்குப் போகிறவன் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். மூன்று நிமிட ஆட்டம் ஐம்பது ஆடுகிற பையனுக்குக் கையில் வேகம் வரும், மனசில் ஒன்றும் தங்காது. தோற்றால் ஏன் தோற்றான் என்று பார்க்க நேரமில்லை, அடுத்த எதிராளி தயாராக இருக்கிறான். போனைப் பிடுங்கச் சொல்லவில்லை. பதினைந்து நிமிடம், பத்து நொடி கூடுதல் என்று பிரக்ஞானந்தா ஆடிய கணக்கிலேயே நாளுக்கு ஒரே ஆட்டம் ஆடட்டும். எழுதி வைக்கட்டும்.

வீட்டில் பலகை இருந்தால் இன்னொன்று செய்து பார்க்கலாம். ஏர்திங்ஸ் போட்டியின் அந்த 39 நகர்த்தலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையைக் கறுப்புக் காய் பக்கம் உட்கார வையுங்கள். கார்ல்சனின் நகர்த்தலை நீங்கள் வைத்துவிட்டு மிச்சத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். "நீ என்ன வைப்பே?" என்று கேட்டு, அவன் சொல்வதை எழுதின பிறகுதான் கையை எடுக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது பிடிக்கும். முப்பத்தொன்பதில் எத்தனை ஒத்துப்போகிறது என்று எண்ணிவிட்டு, ஒத்துப்போகாத இடத்தில் ஏன் என்று அவனே ஒரு காரணம் சொல்லட்டும். மிஷினிடம் கேட்பதெல்லாம் அதற்கப்புறம்.