நெற்கலத்தினுள் பரம்பரையலகைச் சேர்க்கும் பல்பகுதியங்கள்

மடுல்கெல்ல, பன்வில, வத்தேகம ஆகிய இடங்களைச் சூழ்ந்த பள்ளங்களில் நெல்லும், சரிவுகளில் போஞ்சி, கோவா, தக்காளி முதலிய மரக்கறிகளும் செய்யும் கமக்காரர்கள் விதைப் பை ஒன்றுக்கு நல்ல விலை கொடுக்கின்றனர். அவ்விதையினுள் ஏதேனும் பரம்பரையலகு புகுத்தப்பட்டுள்ளதா, புகுத்துவது எவ்வாறு, அதனை மருந்துபோல் வயலில் தெளிக்கவும் இயலுமா என்னும் ஐயங்கள் எழுதல் இயல்பே. ஐயத்தோடு விதை வாங்குதல் நன்றன்று. ஆதலின் இம்முறைகளுள் ஒன்றை, அதாவது செயற்கைப் பல்பகுதியத்தைத் துணைகொண்டு நெற்கலத்தை மாற்றும் முறையை, இங்கு விளக்குவோம்.

ஒரு நெல்லினம் குட்டையாக நிற்பதும், எரிபந்த நோயைத் தாங்குவதும் அதன் கலங்களிலுள்ள பரம்பரையலகுகளைப் பொறுத்தவை. பரம்பரையலகு என்பது டி.என்.ஏ. எனப்படும் நூல்போன்ற நீண்ட பொருளின் ஒரு துண்டு. அதனைச் செடிக்குச் செடி கொண்டு செல்லும் பழைய வாகனம் மகரந்தமே. முருங்கக்காயன் 302, மாஸ் ஆகிய இரண்டையும் கலந்து பெற்று 1958இல் வெளியிடப்பட்ட எச்-4 நெல் இவ்வாறே பிறந்தது. எனினும் மகரந்தம் வேண்டிய ஒன்றை மட்டும் சுமந்து வருவதில்லை. வேண்டாதனவற்றையும் சேர்த்தே கொணரும். அவற்றைக் களைந்தெடுக்கப் பல போகங்கள் செல்லும்.

டி.என்.ஏ. கரைந்த நீரில் விதையை ஊறவைத்தாற் போதாதோ எனின், போதாது. தாவரக் கலத்தைச் சுற்றிச் செலுலோசினாலான சுவர் உண்டு. அதன் துளைகள் மிக நுண்ணியவை. சுவரைக் கடந்தாலும் உள்ளே மென்சவ்வு நிற்கும். டி.என்.ஏ. எதிர்மின்னேற்றம் உடையது, மென்சவ்வின் மேற்பரப்பும் அத்தகையதே. ஒத்த முனைகள் எதிர்ப்பட்ட காந்தங்கள்போல் ஒன்றையொன்று தள்ளும். இவற்றையும் தப்பி உட்சென்ற டி.என்.ஏ.யைத் துண்டாக்கும் நொதியங்கள் கலத்தினுள் காத்திருக்கும். ஆகவேதான் ஒரு துணைப்பொருள் வேண்டியதாயிற்று.

சிறு மூலக்கூறுகள் சங்கிலிக் கண்ணிகள்போல் வரிசையாக இணைந்து ஆவது பல்பகுதியம். நாற்றுப் பைகளுக்குப் பயன்படும் பொலித்தீன் யாவரும் அறிந்த பல்பகுதியமாகும். அதற்கு உறவு போன்ற பொலியெத்திலீன் கிளைக்கோல் நீரிற் கரையும் இயல்பினது. களிம்பிலும் மலச்சிக்கல் மருந்திலும் சேர்க்கப்படுவது. இத்துணை எளிய பொருள் இத்துணை நுட்பமான வேலைக்கு உதவியமை வியப்பே. 1982இல் புகையிலைக் கலத்தினுள் டி.என்.ஏ.யைச் செலுத்த இது பயன்பட்டது.

நம் நாட்டிற் பயிராகும் நெல்லினங்கள் பெரும்பாலும் இந்திக்கா வகையைச் சேர்ந்தவை. அவ்வகை நெல்லில் இவ்வேலை கைகூடியது 1990இல். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் இங்கோ பொட்ரிக்குசு என்பாருடன் பணியாற்றிய இந்திய விஞ்ஞானிகளான சுவபன் தத்தா, கராபி தத்தா ஆகியோர் சின்சுரா போரோ 2 என்னும் நெல்லை எடுத்துக்கொண்டனர். இத்தகைய வேலையில் முதற்கண் கலங்களை நொதியக் கரைசலில் இட்டுச் சுவரைக் கரைப்பர். சுவர் இழந்த கலம் உருண்டையாய், தொட்டால் உடையும் தன்மையதாய் இருக்கும். அதனோடு டி.என்.ஏ.யைக் கலந்து, நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை பொலியெத்திலீன் கிளைக்கோல் கரைந்த நீரைச் சேர்ப்பர். கல்சியம் அல்லது மகனீசியம் உப்பும் உடன் இருத்தல் வேண்டும். உப்பு மின்னேற்றத்தின் தள்ளுதலைத் தணிக்கும். பல்பகுதியம் நீரைத் தன்பால் ஈர்த்துக்கொள்ள, டி.என்.ஏ. திரண்டு மென்சவ்வின்மேற் படியும். மென்சவ்வும் சற்று நிலைகுலைந்து அதனை உள்வாங்கும். இவ்வளவும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அதன் பின்னரே நெடிய வேலை. கலம் மீண்டும் சுவர் கட்டி, பிரிந்து, கலத்திரளாகி, முளைவிட்டு, நாற்றாதல் வேண்டும். புகுத்திய அலகு ஹைகுரோமைசின் என்னும் நச்சு மருந்தைத் தாங்கும் ஆற்றல் தருவது. ஆகையால் அம்மருந்து கலந்த ஊட்டத்தில் பிழைத்தவையே அலகைப் பெற்றவை எனத் தெரிந்தெடுக்க முடிந்தது. இறுதியில் மணி பிடிக்கும் நெற்செடிகள் கிடைத்தன. பதரன்றி மணி பிடித்தமையே அந்த வெற்றியின் சிறப்பு.

கமக்காரருக்கு ஹைகுரோமைசினைத் தாங்கும் நெல்லால் ஆவது யாதுமில்லை. ஆயின் 1995இல் இதே முறையால் நோயெதிர்ப்புக்கு உதவும் அலகு ஒன்று சேர்க்கப்பட்டது. நீர் மட்டத்தையொட்டி நெல்லின் இலையுறையிற் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தொடங்கி மேலேறும் இலையுறைக் கருகல் நோயை அறிவீர்கள். அதனை உண்டாக்கும் ரைசொக்டோனியா சொலானி என்னும் பூஞ்சணத்தின் சுவரில் கைற்றின் உண்டு. கைற்றினைக் கரைக்கும் நொதியத்துக்குரிய அலகை சு. முத்துக்கிருஷ்ணன், தத்தா ஆகியோரைக் கொண்ட குழுவினர் நெல்லிற் சேர்த்தனர். அந்நொதியம் மிகுந்த செடிகளில் நோயின் வேகம் குறைந்தது. முற்றாக நீங்கியதென எவரும் கூறவில்லை.

இம்முறை பின்னர் பரவாமைக்குக் காரணம் எளிது. சுவரற்ற கலத்திலிருந்து செடியை வளர்த்தல் கடினம். வளர்ந்தவற்றுள்ளும் பல குறையுடையன. 1994இல் யப்பானியர், மண்ணில் வாழும் அகுரோபற்றீரியம் என்னும் நுண்ணுயிரைக் கொண்டே நெல்லில் அலகுகளைச் சேர்க்க வழி கண்டபின், பலரும் அப்பக்கம் திரும்பினர்.

எனினும் பல்பகுதியம் கைவிடப்பட்டுவிடவில்லை. 2015இல் தென்கொரிய ஆய்வாளர், பரம்பரையலகை வெட்டும் புரதத்தையே இதன் துணையால் சலாதுக் கீரையின் சுவரற்ற கலங்களிற் செலுத்தி முழுச் செடிகளை வளர்த்தனர், அயல் டி.என்.ஏ. எதுவும் சேர்க்கப்படவில்லை. 2017இல் சுவீடனில் உருளைக்கிழங்கின் மாப்பொருள் இவ்வாறு மாற்றப்பட்டது. உருளைக்கிழங்கில் ஒவ்வோர் அலகும் நான்கு பிரதிகளாக இருப்பதால், மகரந்தக் கலப்பினால் இதனைச் செய்தல் பெரும்பாடு. மனிதருக்கும் இப்பொருள் புதியதன்று: 2021இல் இலங்கையில் ஏற்றப்பட்ட பைசர் கொவிட் தடுப்பூசியிற் செய்தியைச் சுமந்த கொழுப்புத் துளிகளின் புறத்தே பொலியெத்திலீன் கிளைக்கோல் இழைகள் இருந்தன.

மேற்கூறியவை யாவும் ஆய்வுகூடத்தில், சுவர் நீக்கிய கலங்களிலும் அவற்றிலிருந்து வளர்த்த செடிகளிலும் நிகழ்ந்தவை என்பதைக் கவனிக்கவும். வயலில் நிற்கும் பயிருக்குச் சுவர் முழுதாக உண்டு. போத்தலில் வந்த ஒரு திரவத்தைத் தெளித்து நெல்லின் பரம்பரையை மாற்றலாம் என்று எவரேனும் விற்க வந்தால், வாங்குவதற்கு முன் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. பரம்பரையலகு மாற்றிய உணவுப் பொருள்களை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதிகள் 2007 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளன.

தக்காளி, கோவா விதைப் பைகளில் எஃப்-1 என அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அலகு புகுத்திய விதை எனக் கொள்ளுதல் தவறு. அது இரு தூய வழிகளை மகரந்தத்தாற் கலந்து பெற்ற முதற்சந்ததி, அவ்வளவே. அதன் காயிலிருந்து எடுத்த விதையை அடுத்த போகத்தில் இட்டால், பெற்றோர் இருவரின் குணங்களும் சிதறிச் செடிக்குச் செடி வேறுபடும். நெல்லோ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வது. ஆகையால் பிற இனம் கலவாத நல்ல வயலிலிருந்து எடுத்து, நன்கு உலர்த்தி வைத்த விதைநெல்லைச் சில போகங்கள் வரை பயன்படுத்தலாம்.